கூப்பிட்டது ஒருவரை, வந்தது ஒருவர்

பட்டாசு என்ற பெயரை வைத்தது அவளுடைய அண்ணன். சின்ன வயதில் ஏதாவது ஒரு விஷயம் தெரிந்துவிட்டால், அதை யாரிடமாவது சொல்லி முடிக்கும்வரை அவளுக்கு இருப்புக் கொள்ளாது. படபடவென்று பொரிந்து தள்ளுவாள். கல்யாணமாகி, இரட்டைப் பிள்ளைகள் பிறந்து, அவர்கள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் அந்தப் பெயர் அவளை விடவில்லை. பிள்ளைகளுக்காக வேலையை விட்டவள், இப்போதுதான் மறுபடி ஒரு வேலையில் சேர்ந்திருந்தாள். முதல் நாளே கணவன் அலுவலகத் தொலைபேசியில் "பட்டாசு இருக்காளா?" என்று கேட்டுத் தொலைத்தான். அவ்வளவுதான், அங்கேயும் அதே பெயர்.

அலுவலகம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மருந்துக்கடை ஒன்றின் தலைமேல், செங்குத்தான படியேறினால் வரும் ஒற்றை அறை. ஜன்னலை மூடினால் மூச்சு முட்டும். திறந்தால் தெருவே உள்ளே வந்துவிடும். முதலாளி, வரவுசெலவு பார்க்கும் பெண், பட்டாசு ஆகிய மூவரும்தான் மொத்த ஆட்கள். அவளுக்கு முன்னால் கணினி நிரல் எழுதிக்கொண்டிருந்தவன் பெரிய இடத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டான். அவன் கடைசியாக முடித்துவிட்டுப் போனது, இரண்டு தெரு தள்ளியிருந்த ஆஸ்பத்திரியின் ரத்த வங்கிக்கான இணையப் பக்கம்.

அவள் வேலைக்குப் போவதை வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள், நாத்தனாரைத் தவிர. நாத்தனார் நகராட்சி நீச்சல் குளத்தில் பயிற்சியாளர். குளத்தின் இந்தக் கரையில் நின்று பேசினால் அந்தக் கரையில் முங்கிக் கிடப்பவனுக்கும் கேட்கும் குரல். "இத்தனை வருஷம் கழிச்சா? அதெல்லாம் இப்ப எங்கேயோ போயிடுச்சு. இனிமே உனக்கு எங்க பிடிபடப் போகுது?" என்று சாப்பாட்டு மேசையில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். பட்டாசு தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனாள். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றுபோனது.

அன்றைக்குக் காலையில் அவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, தொலைபேசி அலறியது. எடுத்தால், ரத்த வங்கியின் தலைமை நர்ஸ்.

"ஏம்மா, என்ன பக்கம் செஞ்சு குடுத்திருக்கீங்க? பட்டனை அமுக்கினா ஆளே காணாமப் போறாங்க!"

"எந்த ஆள், சிஸ்டர்?"

"ரத்தம் குடுக்கிற ஆளுங்கம்மா! தேடினா வரிசையா வர்றாங்க. ஒருத்தருக்குப் போன் போட்டுப் பேசி, 'வருகிறார்'னு பட்டனை அமுக்கினா, அவரும் போறாரு, அவரோட சேர்ந்து மொத்த வரிசையும் போகுது. மறுபடி தேடினா எல்லாரும் மறுபடி வந்து நிக்கிறாங்க. யாரைக் கூப்பிட்டோம், யாரைக் கூப்பிடலைன்னு ஒண்ணும் தெரியல. இங்க ஒரு பொண்ணு பிரசவமாகி ரத்தம் நிக்காமக் கிடக்குது. ஓ நெகட்டிவ். இருந்த பையெல்லாம் ஏத்தியாச்சு. வர்றீங்களா, இல்ல இந்தக் கம்ப்யூட்டரை மாடியிலேர்ந்து தூக்கிப் போடட்டுமா?"

முதலாளி வேறொரு ஊரில் வேறொரு வாடிக்கையாளரிடம் மாட்டிக்கொண்டிருந்தார். மடிக்கணினியைப் பையில் திணித்துக்கொண்டே பட்டாசு அவரைக் கூப்பிட்டாள்.

"நேத்து நானே பார்த்தேனேம்மா," என்றார் அவர் அப்பாவியாக. "தேடுன்னு அமுக்கினேன், அழகா வரிசையா வந்துச்சு. நல்லா இருக்குன்னு சொல்லிக் குடுத்துட்டேன்."

"வந்த வரிசையில ஒரு பட்டனையாவது அமுக்கிப் பார்த்தீங்களா சார்?"

"அது... அதான் வந்துடுச்சேன்னு..."

"சட்டை வாங்கும்போது பட்டன் போட்டுப் பார்க்க மாட்டீங்களா சார்!" என்று சொல்லிவிட்டு, முதலாளியிடம் பேசுகிறோம் என்ற நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்க நேரமில்லை. படிகளில் தாவி இறங்கி ஓடினாள்.

ரத்த வங்கி ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், ஒரு நீண்ட நடையின் கோடியில் இருந்தது. நடையில் கையெல்லாம் வெள்ளைப் பெயிண்ட் காய்ந்துபோன ஒருவர் சுவரைத் தொடுவதும் திரும்புவதுமாக நடந்துகொண்டிருந்தார். வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர். ரத்தம் நிற்காமல் கிடந்த பெண்ணின் புருஷன். வேலையிடத்திலிருந்து அப்படியே ஓடி வந்திருக்கிறார் என்பது பார்த்ததும் தெரிந்தது. பட்டாசு ஓடி வருவதைப் பார்த்து, ரத்தம் கொடுக்கத்தான் வருகிறாள் என்று நினைத்துக் கதவைத் திறந்துவிட்டார். அவள் பைக்குள்ளிருந்து கணினியை எடுத்ததும் அவர் முகம் தொங்கிப்போனதை அவளால் பார்க்க முடியவில்லை.

உள்ளே இரண்டு மேசைகள், இரண்டு கணினிகள், இரண்டு தொலைபேசிகள். ஒன்றில் தலைமை நர்ஸ், ஆகிருதியான மனுஷி. இன்னொன்றில் மெலிந்த ஒரு நர்ஸ், காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு.

"அமுக்குங்க சிஸ்டர், பார்க்கிறேன்."

தலைமை நர்ஸ் ரத்த வகையைக் கொடுத்துத் தேடினார். ஒருவர் கீழ் ஒருவராக வந்து நின்றார்கள்: பெயர், தொழில், தொலைபேசி எண், பக்கத்திலேயே 'வருகிறார்', 'வரவில்லை' என்று இரண்டு பட்டன்கள். பட்டனை அழுத்தினார். பக்கம் ஒருமுறை கண் சிமிட்டியது. வரிசை மொத்தமும் காலி. வெறும் தேடல் பெட்டி மட்டும், தனக்கும் நடந்ததற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் நின்றது.

"பார்த்தியா? பார்த்தியா?"

பட்டாசு பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் உள்ளங்காலிலிருந்து ஏதோ ஒன்று குறுகுறுவென்று ஏறியது. எத்தனையோ வருஷமாகத் தொடாத வேலை. ஆனால் இந்தத் திருட்டுமுழியை அவளுக்குத் தெரியும். வேலையை விடுவதற்கு முன்னால் இதேபோல் ஒன்றுடன் மல்லுக்கட்டியிருக்கிறாள்.

"தெரிஞ்சுடுச்சு! சிஸ்டர், தெரிஞ்சுடுச்சு!"

"தெரிஞ்சா சொல்லாத, செய்!"

ஆனால் சொல்லாமல் அவளால் எதையும் செய்ய முடியாது. விரல்கள் ஒரு பக்கம் ஓட, வாய் ஒரு பக்கம் ஓடியது.

"இந்த சர்வர் இருக்கே சிஸ்டர், அதுக்கு ஞாபகமே கிடையாது. நீங்க ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் பக்கத்தை அடியிலேர்ந்து புதுசா கட்டும். தேடல் பெட்டி நிரந்தரமா எழுதி வச்சது, அதனால அது எப்பவும் வந்துடும். ஆனா இந்த ஆளுங்க வரிசை, 'தேடு'ன்னு அமுக்கினா மட்டும் முளைக்கிற வரிசை. நீங்க 'வருகிறார்'னு அமுக்கும்போது யாரும் 'தேடு'ன்னு அமுக்கலையே! அதனால புதுசா கட்டின பக்கத்துல வரிசையே இல்ல. அமுக்கின பட்டன் எங்கேன்னு சர்வர் தேடுது. பட்டன் இல்ல. சரி, யாரும் அமுக்கலை போலிருக்குன்னு விட்டுடுது."

"இப்ப என்ன பண்ணணும்?"

"பட்டனை யார் அமுக்கினாங்கன்னு அது தேட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே, வரிசையை மறுபடி கட்டி நிறுத்தணும். ஒவ்வொரு பட்டனுக்கும் 'உன்னை அமுக்கினா இதைச் செய்'னு மறுபடி சொல்லி வைக்கணும். ஒவ்வொரு தடவையும்!"

தலைமை நர்சுக்குப் புரிந்ததோ இல்லையோ, தலையை ஆட்டிவிட்டு போனை எடுத்தார். பட்டாசு, வரிசை கட்டும் பகுதியை 'தேடு' பட்டனின் கீழிருந்து பிடுங்கி, பக்கம் எழும்பும் இடத்தில் நட்டாள். எந்த ரத்த வகையைத் தேடினோம் என்பதைப் பக்கமே சுமந்து வரும்படி செய்தாள். தன் கணினியில் ஓட்டிப் பார்த்தாள். வந்தது. பட்டனை அழுத்தினாள். அழுத்திய ஆள் மட்டும் பதிவாகி விலக, மற்றவர்கள் நின்ற இடத்தில் அப்படியே நின்றார்கள். இன்னொன்று, இன்னொன்று. பொசுக்கென்று மறைந்த வரிசை இப்போது பாறையாக நின்றது. சர்வரில் ஏற்றினாள்.

"இப்ப அமுக்குங்க சிஸ்டர்!"

மெலிந்த நர்ஸ் அப்போதுதான் பண வங்கியில் வேலை பார்க்கும் ஒருவரிடம் பேசி முடித்திருந்தாள். அவர் உடனே கிளம்புவதாகச் சொல்லியிருந்தார். அழுத்தினாள். வரிசை நின்றது. வங்கி ஊழியரின் பெயர் விலகியது. 'நன்றி, இன்று உங்கள் ரத்தம் ஓர் உயிருக்கு வேண்டியிருக்கிறது, உடனே ரத்த வங்கிக்கு வாருங்கள்' என்ற குறுஞ்செய்தி தானாகப் போனது.

மெலிந்த நர்ஸ் "ஹே!" என்று கத்தியே விட்டாள். பட்டாசு நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினாள். போனில் ஒரு சங்கீத ஆசிரியையிடம் பேசிக்கொண்டிருந்த தலைமை நர்ஸ் இருவரையும் முறைத்தார். ஆனால் அந்த முறைப்பில் காரம் குறைந்திருந்தது. இரண்டு பேரும் இரண்டு மேசையிலுமாக மளமளவென்று எண்களைச் சுழற்ற ஆரம்பித்தார்கள். ஒருவர் ஊரில் இல்லை. ஒருவர் எடுக்கவில்லை. சங்கீத ஆசிரியை, பாடிக்கொண்டிருந்த பிள்ளைகளை அப்படியே விட்டுவிட்டு வருகிறேன் என்றார். இன்னொருவருக்குக் காய்ச்சல்.

"என்னம்மா, சில சமயம் ரெண்டு தடவை அமுக்க வேண்டியிருக்கு," என்றார் தலைமை நர்ஸ், போனை மூடிக்கொண்டே. "அந்தப் பாட்டு டீச்சர் முதல் தடவை போகலை. மறுபடி அமுக்கினதும் போயிட்டாங்க."

"சரியா அமுக்கியிருக்க மாட்டீங்க சிஸ்டர்," என்றாள் பட்டாசு சந்தோஷத்தில். சொன்ன வார்த்தையை அவள் சீக்கிரமே விழுங்க வேண்டி வந்தது.

வங்கி ஊழியர் வந்தார், படுத்தார், ரத்தம் கொடுத்தார். அவர் எழுந்திருக்கும் முன்னால் கதவு படீரென்று திறந்தது. மூச்சு வாங்க ஒரு மனிதர் நின்றார். சட்டைப்பையில் கத்தரிக்கோல் நீட்டிக்கொண்டிருந்தது. அவருக்குப் பின்னால், கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியபடி இன்னொருவர். அவருடைய தலையில் வலப்பக்கம் ஒட்ட வெட்டியிருந்தது. இடப்பக்கம் காடாகக் கிடந்தது.

"மெசேஜ் வந்துச்சு," என்றார் கத்தரிக்கோல்காரர். "உயிருக்கு வேண்டியிருக்குன்னு போட்டிருந்துச்சு. கடையைப் பூட்டிட்டு ஓடி வந்துட்டேன்."

"இவரு பூட்டும்போது நான் உள்ள உக்காந்திருந்தேன்," என்றார் பாதித் தலைக்காரர் பரிதாபமாக. "இப்படியே வீட்டுக்குப் போக முடியுமா? அதான் கூடவே வந்துட்டேன்."

தலைமை நர்ஸ் முடிதிருத்துபவரை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களை நான் கூப்பிடலையே. நீ கூப்பிட்டியா?"

மெலிந்த நர்ஸ் இல்லையென்று தலையாட்டினாள்.

"யாரும் கூப்பிடலைங்க. மெசேஜ்தான் வந்துச்சு."

"அவரைப் படுக்க வைங்க சிஸ்டர், அவரும் அதே வகைதான்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் பட்டாசு திரையின்மேல் கவிழ்ந்தாள். கூப்பிடாத ஆளுக்கு எப்படி மெசேஜ் போகும்? காலையில் தேடியபோது வந்த வரிசையை நினைவுக்குக் கொண்டு வந்தாள். முதலில் வங்கி ஊழியர். மூன்றாவதாகச் சங்கீத ஆசிரியை. அவருக்கு அடுத்த வரியில் இந்த முடிதிருத்துபவர்.

அடுத்த வரி.

"ஐயோ," என்றாள்.

"என்ன ஐயோ?"

"நீங்க சரியாத்தான் அமுக்கினீங்க சிஸ்டர். நான்தான் தப்பா கட்டியிருக்கேன்!"

பழைய ஆள் பட்டன்களுக்கு வைத்திருந்த பெயர்களை அவள் மாற்றாமல் விட்டிருந்தாள். முதல் வரியின் பட்டன் ஒன்று, அடுத்தது இரண்டு, அதற்கடுத்தது மூன்று. தனியாக உட்கார்ந்து அழுத்திப் பார்த்தவரைக்கும் அது சரியாகவே இருந்தது. இங்கேயோ இரண்டு மேசை. தலைமை நர்ஸ் சங்கீத ஆசிரியையிடம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், மெலிந்த நர்ஸ் வங்கி ஊழியரைப் பதிவு செய்து விலக்கிவிட்டாள். தலைமை நர்சின் திரையில் பழைய வரிசை. சர்வரிலோ எல்லோரும் ஒரு படி மேலே ஏறியாயிற்று. தலைமை நர்ஸ் மூன்றாவது பட்டனை அழுத்தினார். சர்வர் வரிசையைப் புதிதாகக் கட்டியது. அந்தப் புது வரிசையில் மூன்றாவதாக நின்றவர் முடிதிருத்துபவர். பட்டன் இருந்தது, அழுத்தல் போய்ச் சேர்ந்தது. ஆனால் வேறொருவரின் தலையில்!

"அதனால என்னம்மா? கூப்பிடாமலே ஒருத்தர் வந்துட்டாரு. நல்லதுதானே?" என்றாள் மெலிந்த நர்ஸ்.

"இது நல்லபடியா முடிஞ்ச தப்பு. இதே மாதிரி 'வரவில்லை'ன்னு அமுக்கினது தப்பா போயிருந்தா? வரத் தயாரா இருக்கிற ஒருத்தரை, கூப்பிடாமலே வரலைன்னு எழுதி மறைச்சிருப்போமே!"

அந்த நேரம் பார்த்து உள்ளறையிலிருந்து செய்தி வந்தது. ஓடி வந்த சங்கீத ஆசிரியையின் ரத்தத்தில் இரும்புச் சத்து போதாதாம், எடுக்க முடியாதாம். மேலே வார்டிலிருந்து இன்னும் ஒரு பை வேண்டும், சீக்கிரம் வேண்டும் என்று போன். தலைமை நர்ஸ் திரையைப் பார்த்தார். வரிசையில் மிச்சம் யாருமில்லை. எல்லோரும் வந்தவர் அல்லது வராதவர். நடையில் பெயிண்டரின் செருப்புச் சத்தம் சுவர்வரை போய்த் திரும்பிக்கொண்டிருந்தது.

"'வரவில்லை'ன்னு எழுதினவங்களை எடுக்கிறேன். நீங்க ரெண்டு பேரும் யார் யார்கிட்ட நிஜமா பேசினீங்கன்னு சொல்லுங்க," என்றாள் பட்டாசு. குரல் அவளையறியாமல் உயர்ந்திருந்தது.

"ஊர்ல இல்லாதவரு."

"பேசினேன்," என்றார் தலைமை நர்ஸ்.

"போனை எடுக்காதவரு."

"அதுவும் நான்தான்."

"காய்ச்சல்காரர்."

"நான் பேசினேன்," என்றாள் மெலிந்த நர்ஸ். உடனே கையை வாயில் வைத்துக்கொண்டாள். "அவருக்கும் ரெண்டு தடவை அமுக்கினேன்!"

காய்ச்சல்காரருக்கு அடுத்த வரி. பட்டாசு கீழே நகர்த்தினாள். தொழில்: நீச்சல் பயிற்சியாளர். அதற்கு அடுத்து ஒரு தொலைபேசி எண். அந்த எண்ணை அவள் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே இல்லை. வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில், அவசரத்துக்கு என்று கணவன் ஒட்டி வைத்திருந்த எண்.

"இவங்ககிட்ட பேசினீங்களா?"

"இல்லவே இல்ல," என்றார்கள் இரண்டு பேரும்.

பட்டாசு மேசையிலிருந்த போனை எடுத்தாள். மானமாவது ரோஷமாவது! எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. இந்த நேரத்தில் தண்ணீருக்குள் இருப்பாரோ?

"யாரு?" என்று குளமே எதிரொலிக்க ஒரு குரல்.

"அண்ணி, நான்தான்."

"பிள்ளைங்களுக்கு என்ன ஆச்சு?"

"பிள்ளைங்க நல்லா இருக்காங்க அண்ணி. உங்க ரத்தம் வேணும். பிரசவமான ஒரு பொண்ணுக்கு. நான் ரத்த வங்கியில இருக்கேன். உங்களை எப்பவோ கூப்பிட்டிருக்கணும், என்னோட தப்பால உங்க பேரு மறைஞ்சு போச்சு, அது எப்படின்னா..."

"எப்படின்னு நான் கேட்டேனா? எந்த வாசல்?"

"பின்வாசல், தரைத்தளம், நடை கோடியில..."

போன் வைக்கப்பட்டுவிட்டது.

"வர்றாங்களா?" என்றார் தலைமை நர்ஸ்.

"வர்றாங்க!" என்ற பட்டாசு, கண்களைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை மேசைக்கு இழுத்தாள். "நான் சரி பண்ணி முடிக்கிறவரைக்கும் ஒரே மிஷின்ல மட்டும் வேலை செய்ங்க சிஸ்டர். அந்த இன்னொண்ணை யாரும் தொடாதீங்க."

மெலிந்த நர்ஸ் தன் கணினியை விட்டு, சூடுபட்டவள் போல் கையை எடுத்துக்கொண்டாள்.

இந்த முறை பட்டாசு வாயை மூடிக்கொண்டு வேலை செய்தாள். அவளுடைய அண்ணன் பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பான். வரியின் இடத்தை வைத்துப் பட்டனுக்குப் பெயர் வைப்பதை அடியோடு எடுத்தாள். ரத்தம் கொடுக்கப் பதிவு செய்துகொள்ளும் ஒவ்வொருவருக்கும் ரத்த வங்கி ஒரு எண் தருகிறது. அவர் எந்த வரியில் நின்றாலும் அந்த எண் மாறாது. அந்த எண்ணையே அவருடைய பட்டனுக்குப் பெயராக்கினாள். இனி யார் எத்தனை படி ஏறினாலும் இறங்கினாலும், சங்கீத ஆசிரியையின் பட்டன் சங்கீத ஆசிரியைக்குத்தான். அதற்குள் வேறு மேசையில் அவரை முடித்திருந்தால், அழுத்தல் யாருக்கும் போகாது; 'இவர் ஏற்கெனவே பதிவாகிவிட்டார்' என்று மட்டும் திரை சொல்லும்.

தன் கணினியில் இரண்டு சன்னல்களைத் திறந்து, சோதனைக்காக வைத்திருந்த பொய்ப் பெயர்களை ஒன்றில் விலக்கி, மற்றொன்றில் பழைய வரிசையை வைத்துக்கொண்டு அழுத்தினாள். சரியான ஆள். மேலிருந்து இரண்டு பேரை எடுத்துவிட்டு அழுத்தினாள். சரியான ஆள். நடுவில் ஒருவரைப் புதிதாகச் செருகிவிட்டு அழுத்தினாள். அப்போதும் சரியான ஆள்! நாற்காலியைச் சுற்றவில்லை, கத்தவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் மேசையில் ஊன்றிக்கொண்டு, உதட்டைக் கடித்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு காதுவரை போனது.

அவள் அதைச் சர்வரில் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே நடையில் அதட்டும் குரல் கேட்டது. "வழி விடுங்க! அட, வழி விடுங்கன்னா!" நாத்தனார் ஈரத் தலையோடு, நீச்சல் உடைமேல் ஒரு மேலங்கியை மாட்டிக்கொண்டு, கழுத்தில் விசில் ஆட, வந்து நின்றார். வந்த வேகத்தில் கையை நீட்டினார்.

"எங்க படுக்கணும்?"

"முதல்ல சோதனை இருக்கு," என்றார் தலைமை நர்ஸ்.

"சீக்கிரம் பண்ணுங்க. பாதித் தண்ணியில பிள்ளைங்களைக் கரையேத்திட்டு வந்திருக்கேன்."

அடுத்த கட்டிலில் கையை மடக்கிப் படுத்திருந்த முடிதிருத்துபவர், "நான் பாதித் தலையில விட்டுட்டு வந்திருக்கேன்," என்றார். பாதித் தலைக்காரர் தன்னைக் காட்டிச் சோகமாக ஆமோதித்தார். அவருடைய ரத்தம் வேறு வகையாம். சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று அவரும் கொடுத்துவிட்டு, பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்.

நாத்தனாரின் ரத்தம் சோதனையில் தேறியது. பை நிறையத் தொடங்கியது. பட்டாசு கட்டிலருகே போய் நின்றாள். நாத்தனாரின் முகத்தில் விழுந்து கிடந்த ஈர முடியை ஒதுக்கிவிட்டாள்.

"அந்தத் தடி நர்ஸ் சொன்னாங்க," என்றார் நாத்தனார், மெல்லப் பேசுவதாக நினைத்துக்கொண்டு. அறை முழுவதும் திரும்பிப் பார்த்தது. "ஏதோ நீ வந்துதான் எல்லாத்தையும் சரி பண்ணினியாம்."

"இல்ல அண்ணி. முதல்ல பாதிதான் சரி பண்ணேன். மீதியை நான் கவனிக்காம விட்டதாலதான் உங்க பேரு மறைஞ்சுது. அப்புறம்தான் முழுசா பிடிச்சேன்."

"எப்படிப் பிடிச்ச?"

"ஒருத்தரைக் கூப்பிட்டா இன்னொருத்தர் வந்தாரு. அதை வச்சு."

நாத்தனார் கூரையைப் பார்த்தார். "உனக்குப் பிடிபடாதுன்னு சொன்னேன்ல?"

"ம்."

"எல்லார் முன்னாடியும் சொன்னேன். எல்லார் முன்னாடியும் வாபஸ் வாங்கிக்கிறேன். வீட்டுக்குப் போனதும். இப்ப அந்த எப்படின்னா, எப்படின்னான்னு இழுத்தியே, அதைச் சொல்லு. ஊசியைப் பார்த்தா எனக்குத் தலை சுத்துது. பேச்சுக் குடுத்துக்கிட்டே இரு."

அவ்வளவு போதாதா? பட்டாசு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஞாபகமில்லாத சர்வரில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து எழும்பும் பக்கம், அழுத்தியவரைத் தேடும் நேரம், அதற்கு முன்னால் எழுந்து நிற்க வேண்டிய பட்டன், அதற்குரிய மாறாத பெயர் என்று பொரிந்து தள்ளினாள். நாத்தனார் நடுநடுவே "அப்புறம்?" என்றார். பாதியிலேயே முடிதிருத்துபவரும், பாதித் தலைக்காரரும் நாற்காலிகளை நெருக்கி உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தார்கள். "அப்ப என் பட்டனுக்கு இனிமே என் நம்பர்தானா?" என்று முடிதிருத்துபவர் கேட்டார். ஆமாம் என்றதும் ஏதோ பட்டம் வாங்கியவர்போல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பைகள் மேலே போயின. பிறகு காத்திருப்பதைத் தவிர வேறு வேலையில்லை. மெலிந்த நர்ஸ் மறுபடி தன் கணினியில் உட்கார்ந்து, வேறு வகை ரத்தத்துக்கு ஆட்களைக் கூப்பிட்டாள். இரண்டு மேசைகளிலும் பட்டன்கள் அழுந்தின. ஒவ்வொரு அழுத்தலுக்கும் பட்டாசு கழுத்தை நீட்டிப் பார்த்தாள். ஒவ்வொன்றும் உரியவரிடம் போய்ச் சேர்ந்தது. இரண்டு தடவை அழுத்த வேண்டியிருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

வெயில் ஜன்னலைத் தாண்டி உள்ளே வந்து கட்டில் காலைத் தொட்டபோது வார்டிலிருந்து போன் வந்தது. தலைமை நர்ஸ் எடுத்தார். "ம்" என்றார். மறுபடி "ம்" என்றார். அந்த முகத்திலிருந்து ஒன்றையும் படிக்க முடியவில்லை. வைத்துவிட்டு நேராக நடைக்குப் போனார். எல்லோரும் பின்னாலேயே எழுந்து போனார்கள்.

"ரத்தம் நின்னுடுச்சு," என்றார் பெயிண்டரிடம். "கண்ணு முழிச்சுட்டா. முழிச்சதும் பிள்ளையைக் காட்டச் சொல்லி எல்லாரையும் விரட்டுறாளாம். போய்ப் பாருங்க."

பெயிண்டருக்கு யாரையாவது பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்திருக்க வேண்டும். அருகில் நின்ற பாதித் தலைக்காரரைக் கட்டிக்கொண்டு, "உங்களை மறக்க மாட்டேன், உங்களை என் உயிர் உள்ளவரைக்கும் மறக்க மாட்டேன்," என்று அழுதார். பாதித் தலைக்காரர் திருதிருவென்று விழித்தார். பிறகு, இந்த நேரத்தில் விளக்கம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று, அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார். வெள்ளைப் பெயிண்ட் சட்டையெல்லாம் ஒட்டியது.

நாத்தனார் பட்டாசின் கையைப் பிடித்து இழுத்தார். "வா, நாமளும் பார்த்துட்டு வரலாம். என் ரத்தம் எங்க போச்சுன்னு நான் பார்க்க வேண்டாமா?"

மாடியில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒரு துணிச்சுருளுக்குள் சிவந்த முகம் ஒன்று எல்லோரையும் பார்த்துக் கொட்டாவி விட்டது. உள்ளே ஒரு பெண் வெளுத்துப்போய்ப் படுத்திருந்தாள். ஆனால் பேசிக்கொண்டிருந்தாள், புருஷனின் கையைப் பார்த்து, இந்தக் கையோடு பிள்ளையைத் தொடாதே என்று விரட்டிக்கொண்டிருந்தாள். அவர் கழுவும் இடம் தேடி ஓடினார்.

பட்டாசின் பையில் தொலைபேசி துடித்தது. முதலாளி.

"என்னம்மா ஆச்சு? பட்டன் வேலை செய்யுதா?"

பட்டாசு வாயைத் திறந்தாள். பிறந்ததிலிருந்து முதல் முறையாக அவளுக்குப் பேச்சு வரவில்லை. நாத்தனார் விலாவில் ஒரு இடி இடித்தார்.

"வேலை செய்யுது சார்!" என்று அவள் போட்ட சத்தத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தூங்கப் போன பிள்ளை வீறிட்டது, வார்டு நர்ஸ் கதவைத் திறந்து உதட்டில் விரல் வைத்தாள். அதை லட்சியம் செய்யாமல் நாத்தனார் கழுத்திலிருந்த விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினார். இரண்டு பேரையும் அந்தத் தளத்திலிருந்தே வெளியேற்றினார்கள்.